மலையில ஜம்முனு ஓடுது, ஊர்ல மக்கர் பண்ணுது: ஒரு அம்பாசடர் கார்புரேட்டர் கதை

(எபிசோடில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். வாசிக்கத் தோதாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் பெட்ரோல் வாடை அடிக்கும்.

நான் சென்னையில இருந்தாலும் சொந்த ஊர் ராயப்பன்பட்டி. தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா. ஒரு பக்கம் சண்முகாநதி அணை, இன்னொரு பக்கம் திராட்சைத் தோட்டம், நிமிர்ந்து பார்த்தா மேற்குத் தொடர்ச்சி மலை. எங்க வீட்டு வாசல்ல வேப்பமரத்துக்கு அடியில ஒரு அம்பாசடர் நிக்குது. 1978 மாடல், மார்க் 3. தாத்தா ஓட்டுன வண்டி.

போன தடவை ஊருக்குப் போனப்ப அப்பா சொன்னாரு, "எடைக்குப் போட்டுரலாம்னு இருக்கேன்." காரணம் கேட்டேன். "சிலோவுல நிக்க மாட்டேங்குது. ஆக்ஸிலேட்டர மிதிச்சா தும்முது. சின்னமனூர் போயிட்டு வர்றதுக்குள்ள ஹீட்டு முள்ளு ஏறிடுது. வயசாயிடுச்சுப்பா, வண்டிக்கும்."

ஆனா ஒரு விஷயம் இடிச்சுது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சித்தப்பா குடும்பத்தோட இதே வண்டியிலதான் மேகமலை போயிட்டு வந்திருக்காங்க. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. மேல போய் நின்னப்ப வண்டி அமைதியா உறுமிக்கிட்டு நின்னுச்சாம். அங்க இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கீழ வந்ததும் பழையபடி மக்கர்.

வயசான வண்டின்னா மலையிலதான மூச்சு வாங்கணும்? சமவெளியில எதுக்கு? இந்தக் கேள்விக்குள்ளதான் இன்னைக்கு எபிசோட் மொத்தமும் இருக்கு.

கார்புரேட்டர்னா என்ன, ரெண்டு நிமிஷத்துல

2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 விதி வந்ததுக்கு அப்புறம் புதுசா வாங்குன பைக்னா, அநேகமா நீங்க கார்புரேட்டரைப் பார்த்திருக்கவே மாட்டீங்க. இப்போ எல்லாம் சென்சாரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும்னு நொடிக்குப் பல தடவை கணக்குப் போடுது.

கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. எஞ்சின் காத்தை இழுக்குது. காத்து ஒரு குறுகலான வழியில வேகமாப் போகும்போது அங்க அழுத்தம் குறையுது. அந்த உறிஞ்சல்ல கிண்ணத்துல இருக்குற பெட்ரோல் மேல வந்து காத்தோட கலக்குது. நாம ஸ்ட்ரா வச்சு இளநீர் குடிக்கிற மாதிரிதான்.

சுத்தமான பெட்ரோல் முழுசா எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காத்து வேணும். பெட்ரோல் இதைவிட அதிகமா இருந்தா 'ரிச்', குறைவா இருந்தா 'லீன்'. ரிச்சா ஓடுனா கரும்புகை, பெட்ரோல் வாடை, கரி பிடிச்ச பிளக், பர்ஸ் காலி. லீனா ஓடுனா மிதிக்கும்போது தும்மல், பிக்கப் இல்லாம தயங்குறது, சூடு. ரொம்ப நாள் லீனா ஓட்டுனா எக்ஸாஸ்ட் வால்வு கருகிப் போகும். ரிச் நம்ம காசைத் தின்னும், லீன் எஞ்சினையே தின்னுரும்.

எங்க வண்டியில இருக்குறது எஸ்.யூ. கார்புரேட்டர். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். இங்கிலாந்துல செருப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் 1900-களின் தொடக்கத்துல உருவாக்குனது. செருப்புக் குடும்பம் இல்லையா, முதல் மாடல்கள்ல தோல் துருத்திதான் வச்சிருந்தாங்க! பின்னாடி அந்தத் துருத்தி இருந்த இடத்துக்கு உலோக பிஸ்டன் வந்துருச்சு.

அந்த பிஸ்டனுக்கு அடியில கூம்பு மாதிரி ஒரு ஊசி, நீடில், தொங்கும். ஊசி ஒரு ஜெட்டுக்குள்ள, அதாவது சின்ன ஓட்டைக்குள்ள, இறங்கி நிக்கும். எஞ்சின் அதிகமாக் காத்து இழுத்தா பிஸ்டன் மேல ஏறும். ஊசியும் கூடவே ஏறும். ஊசி கீழ போகப் போக மெலிசா இருக்குறதால, ஏற ஏற ஜெட்டுல இடைவெளி கூடி பெட்ரோலும் கூடும். அவ்வளவுதான் மொத்த அறிவும்.

முதல் சோதனை: சோக்கை இழு

பக்கத்து ஊர்ல ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு. அந்தக் காலத்துல குமுளிக்கு ஏறுற பெட்ரோல் ஜீப்பெல்லாம் பார்த்தவர். அவரைக் கூட்டிட்டு வந்தேன். ஸ்பேனர் பையைத் திறக்கவே இல்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணி நல்லா சூடாக விட்டாரு. சிலோவுல வண்டி ஏறி இறங்கி ஆடிக்கிட்டு இருந்துச்சு. உள்ள உக்காந்து சோக்கை அரை இஞ்ச் இழுத்தாரு.

வண்டி உடனே சீராயிடுச்சு.

"பாத்தியா தம்பி. சோக்க இழுத்தா பெட்ரோல் கூடும். கூட்டுனதும் நல்லா ஓடுதுன்னா அதுக்குப் பசி. குடுக்கிறது பத்தல. லீனு."

இதை நீங்களே செஞ்சு பார்க்கலாம். எஞ்சின் முழுசா சூடான பிறகு சோக்கைக் கொஞ்சம் இழுங்க. சீரானா லீன். இன்னும் மோசமாகி மூச்சுத் திணறுனா, ரிச்சா இருக்கலாம்.

அடுத்து பிளக்கைக் கழட்டிப் பார்த்தாரு. சரியான கலவைன்னா நுனி வெளிர் காப்பி நிறத்துல இருக்கணும். கரியா இருந்தா ரிச். எங்க பிளக் நாலும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. இப்போ வர்ற பெட்ரோல்ல பொதுவாவே நிறம் வெளுப்பாத்தான் விழும்னு அண்ணன் சொன்னாரு. அதனால பிளக்கை மட்டும் நம்பி முடிவு எடுக்காம, மத்த சோதனையோட சேர்த்துத்தான் பார்க்கணும்.

மூணாவது சாட்சி டேஷ்போர்டு பெட்டிக்குள்ள கிடந்துச்சு. பழைய புகைச் சான்றிதழ். பிஎஸ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு சிலோவுல கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரைக்கும், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரைக்கும் அனுமதி. எங்க வண்டியில கார்பன் மோனாக்சைடு ஒண்ணுமே இல்லைங்கிற அளவுக்குக் கம்மி. அப்பாவுக்கு அதுல பெருமை வேற: "பாரு, எவ்வளவு சுத்தமான வண்டி!"

அண்ணன் சிரிச்சாரு. பழைய கார்புரேட்டர் வண்டி சிலோவுல நிம்மதியா நிக்கணும்னா கலவை கொஞ்சம் ரிச்சாத்தான் இருக்கணும். அப்போ கார்பன் மோனாக்சைடு 2, 3 சதவீதம் வரத்தான் செய்யும். அது அடியோட கம்மியா இருந்து, ஹைட்ரோகார்பன் மட்டும் தூக்கலா இருந்தா என்ன அர்த்தம்? கலவை இவ்வளவு லீனா இருக்கு, சில தடவை தீயே பிடிக்காம பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியா வெளிய போகுது. பாஸ் ஆன சான்றிதழ்லயே நோய் எழுதியிருந்திருக்கு. நாங்க யாரும் படிக்கலை.

நட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி

லீன்னு தெரிஞ்சிருச்சு. உடனே மிக்ஸ் நட்டைத் திருப்பிட வேண்டியதுதானே? நான் அப்படித்தான் நினைச்சேன். அண்ணன் என் கையைத் தட்டி விட்டாரு.

"மிக்ஸ் கடைசி வேலை தம்பி. மத்ததெல்லாம் சரியா இருக்கான்னு பாக்காம நட்டைத் திருப்பினா, ஒரு தப்ப மறைக்க இன்னொரு தப்பு பண்றோம்."

ஏற்கெனவே அப்படி ஒரு மறைப்பு நடந்திருந்துச்சு. முன்னாடி ஒரு பட்டறையில வண்டி நிக்கலைன்னு சொன்னதுக்கு சிலோ ஸ்க்ரூவை ஏத்தி விட்டு அனுப்பியிருக்காங்க. வண்டி நின்னுச்சு, நோய் அப்படியே இருந்துச்சு.

அண்ணனோட வரிசை இது:

ஒண்ணு, தீப்பொறி. பிளக் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி, டைமிங். தீ சரியா விழலைன்னாலும் வண்டி லீன் மாதிரியே நடிக்கும்.

ரெண்டு, டேப்பட் இடைவெளி.

மூணு, பெட்ரோல் ஒழுங்கா வருதா. ஃபில்டர், பம்பு, கிண்ணத்துல இருக்குற மிதவையின் மட்டம். மட்டம் இறங்குனா ஜெட்டுக்குப் பெட்ரோல் ஏறாது.

நாலு, எஸ்.யூ. பிஸ்டன் தடையில்லாம ஏறி இறங்குதா. எஞ்சினை அணைச்சுட்டு விரலால தூக்கி விட்டா 'டக்'னு உலோகச் சத்தத்தோட அடியில போய் உக்காரணும். மேல டேம்பர்ல எண்ணெய் இருக்கணும். எண்ணெய் வத்திட்டா, மிதிச்சதும் பிஸ்டன் சட்டுனு மேல தாவி, ஒரு நொடி வெறும் காத்தா உள்ள போகும். அதுவும் தும்மும்.

அஞ்சு, திருட்டுக் காத்து. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல எங்கயாவது பேக்கிங் விட்டிருந்தா, கணக்குல வராத காத்து உள்ள புகுந்துடும்.

திருட்டுக் காத்தைப் பிடிக்க அவர் பயன்படுத்துன கருவி ஒரு முழம் ரப்பர் குழாய். ஒரு முனை காதுல, மறுமுனையை மேனிஃபோல்டு இணைப்பு ஓரமா மெதுவா நகர்த்துறாரு. ஒரு இடத்துல 'ஸ்ஸ்'னு சத்தம். கார்புரேட்டர் அடி பேக்கிங். என்கிட்டயும் குடுத்தாரு. பாம்பு மூச்சு விடுற மாதிரி கேட்டுச்சு.

இணையத்துல சிலர் அந்த இடத்துல கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சுப் பார்க்கச் சொல்வாங்க. அம்பாசடர்ல அதைச் செய்யாதீங்க. இந்த எஞ்சின்ல காத்து உள்ள போற மேனிஃபோல்டும், சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம்தான் இருக்கு. எரியுற ஸ்ப்ரே, கொதிக்கிற இரும்பு. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

புது பேக்கிங் வெட்டிப் போட்டாரு. சிலோ ஆட்டம் பெருமளவு நின்னுச்சு. ஆனா சாலையில ஓட்டுனா தயக்கமும் சூடும் இன்னும் இருந்துச்சு. இது முக்கியமான துப்பு. சிலோவுல எஞ்சின் இழுக்குற காத்தே கொஞ்சம்தான், அதனால சின்ன ஒழுகலும் பெரிய பங்கு. வேகமா ஓடும்போது அதே ஒழுகல் கடல்ல கரைச்ச பெருங்காயம். ஆக, சிலோவுல மட்டும் மோசம்னா முதல்ல காத்து ஒழுகலைத் தேடணும். ஓட்டத்துலயும் மோசம்னா வேற ஏதோ இருக்கு.

மாறுனது வண்டி இல்லை, பெட்ரோல்

அந்த 'வேற ஏதோ' பங்க்லயே இருந்துச்சு. 2023 பிப்ரவரியில இ20 பெட்ரோல் இந்தியாவுல அறிமுகம் ஆச்சு. 2025-ல நாடு முழுக்க அதுதான் வழக்கமான பெட்ரோல். இ20-ன்னா 20 சதவீதம் எத்தனால்.

எத்தனாலோட எடையில கிட்டத்தட்ட 35 சதவீதம் ஆக்ஸிஜன். தன் பங்கு ஆக்ஸிஜனைத் தானே மடியில கட்டிக்கிட்டு வருது. அதனால ஒரு கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காத்தே போதும். இ20-க்குக் கணக்குப் போட்டா 13.5 கிலோ வருது. அதாவது அதே அளவு காத்துக்கு 7, 8 சதவீதம் கூடுதலா எரிபொருள் வேணும். கம்ப்யூட்டர் வண்டி சைலன்சர்ல இருக்குற சென்சாரைப் பார்த்துத் தானா கூட்டிக்கும். 1978 அம்பாசடருக்கு யாரு சொல்றது? தாத்தா காலத்துப் பெட்ரோலுக்கு வச்ச அதே அளவைத்தான் அது இன்னும் குடுத்துக்கிட்டு இருக்கு. கலவை தானாவே லீன் ஆயிடுச்சு.

இப்போ மேகமலைக்கு வருவோம். எங்க ஊர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 400 மீட்டர். மேகமலை சுமார் 1500 மீட்டர். இந்த 1100 மீட்டர் ஏத்தத்துல காத்தோட அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். கார்புரேட்டர் காத்தை எடை போடுறது இல்லை, உறிஞ்சலை மட்டும்தான் பார்க்குது. மெலிஞ்ச காத்துலயும் பெட்ரோலை அதே தாராளமா விடும். கணக்குப்படி, மலை உச்சியில கலவை சுமார் 5 சதவீதம் ரிச் ஆகும்.

பெட்ரோல் கலவையை 7, 8 சதவீதம் லீன் ஆக்குச்சு. மலை 5 சதவீதம் ரிச் ஆக்குச்சு. ரெண்டு தப்பும் எதிரெதிர்த் திசை, கிட்டத்தட்ட கழிஞ்சு போச்சு. அதான் மேகமலையில வண்டி ஜம்முனு நின்னுருக்கு! அது குணமானது இல்லை. மலை அதுக்குக் கொஞ்ச நேரம் ஊட்டி விட்டுருக்கு.

நட்டைத் திருப்புற விதம்

எஸ்.யூ. கார்புரேட்டருக்கு அடியில ஒரு அறுபட்டை நட் இருக்கு. அது ஜெட்டையே மேலயும் கீழயும் நகர்த்தும். ஜெட் கீழ இறங்குனா ஊசியோட மெலிஞ்ச பகுதி வாயில நிக்கும்: ரிச். மேல ஏறுனா லீன். யாரோ கண்டபடி திருகி வச்சிருந்தா, ஜெட்டை மேல பாலத்தோட மட்டமா கொண்டுவந்துட்டு, நட்டை ரெண்டு முழுச் சுத்து இறக்கி அங்கேருந்து ஆரம்பிக்கணும்.

எஞ்சின் முழுசா சூடாகியிருக்கணும். சோக் முழுசா உள்ள போயிருக்கணும். கார்புரேட்டர் ஓரத்துல இருக்குற சின்ன பின்னை மெதுவா அழுத்தி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்கணும். அப்போ கொஞ்சம் கூடுதல் காத்து போகும், கலவை ஒரு நொடி லீன் ஆகும். எஞ்சின் என்ன பதில் சொல்லுதுன்னு கேளுங்க.

வேகம் ஏறி அப்படியே நின்னா, ஏற்கெனவே ரிச். வேகம் விழுந்து வண்டி அணையப் பார்த்தா, ஏற்கெனவே லீன். லேசா ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தா, சரி.

எங்க வண்டி பின்னைத் தொட்டதுமே செத்துச்சு. அண்ணன் ஒரு பட்டை, அதாவது ஆறுல ஒரு சுத்து, இறக்குனாரு. ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிட்டு மறுபடி பின். இன்னும் செத்துச்சு. ரெண்டாவது பட்டை: தள்ளாடுச்சு. மூணாவது பட்டை: லேசா ஏறி, இறங்கி, நின்னுச்சு. மொத்தம் அரைச் சுத்து! இவ்வளவு நாள் எடைக்குப் போகக் காத்திருந்த வண்டிக்கும் ஓடுற வண்டிக்கும் நடுவுல இருந்தது ஒரு பேக்கிங்கும் அரைச் சுத்தும்தான். ஏத்தி வச்சிருந்த சிலோ ஸ்க்ரூவை அதுக்கப்புறம் இறக்கி விட்டாரு.

சின்னமனூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்து பிளக்கைப் பார்த்தோம். வெள்ளை போய் லேசாக் காப்பி நிறம். மறுநாள் புகைச் சோதனையில கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்துச்சு, ஆனா 3-க்குள்ள. அப்பா முதல் தடவையா அந்தச் சீட்டைப் படிச்சாரு.

நட்டால எல்லாத்தையும் சரி பண்ணிட முடியாது. அதோட வேலை சிலோவுலயும் குறைஞ்ச வேகத்துலயும்தான் அதிகம் தெரியும். வேகமா ஓட்டும்போது இன்னும் லீனா இருந்தா, வேற அளவு ஊசி மாத்தணும்.

மேல போனா என்ன பண்றது?

நான் கேட்டேன், "அண்ணே, இப்ப மேகமலை போனா ரிச் ஆயிடுமே? மேல போய் கொஞ்சம் ஏத்திக்கலாமா?"

"மேல போயி நட்டுல கை வைக்காத தம்பி. திரும்ப இறங்கணும்ல? அங்கிட்டு ரெண்டு நாள் கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிச்சாக் குடிச்சிட்டுப் போகுது. அங்க சரி பண்ணிட்டு இங்கிட்டு மறந்துட்டு ஓட்டுனா வால்வு போயிரும்."

வண்டி பெரும்பாலும் எங்க ஓடுதோ அந்த ஊருக்கு டியூன் பண்ணுங்க. சந்தேகம் வந்தா லீன் பக்கம் போகாம, ஒரு பொடி ரிச் பக்கம் நில்லுங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, ஷெட்டுக்குள்ள கதவைச் சாத்திட்டு டியூன் பண்ணாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. திறந்த வெளியில, வேப்பமரத்தடி மாதிரி இடத்துல செய்யுங்க. ரெண்டு, எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் குழாய், பம்பு டயாஃப்ரம் எல்லாம் எத்தனாலைத் தாங்குற வகைக்கு மாத்தியாச்சான்னு பாருங்க. சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேல ஒரு சொட்டு ஒழுகுனாலும் ஆபத்து. பல மாசம் ஓட்டாம டேங்கை நிரப்பி வைக்காதீங்க.

அப்பா எடைக்காரருக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டாரு. நான் கிளம்புற அன்னைக்கு சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுல என்னை இறக்கி விட்டது அந்த அம்பாசடர்தான். ஹீட்டு முள்ளு நடுவுலயே நின்னுச்சு.

உங்க வீட்டு வாசல்லயும் இப்படி ஒரு பழைய வண்டி "வயசாயிடுச்சு"ன்னு பேர் வாங்கி நிக்குதா? எடைக்காரரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, சூடான எஞ்சின்ல சோக்கை அரை இஞ்ச் இழுத்துப் பாருங்க. அது என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு முடிவெடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.